பொறையும் மன்னிப்பும்: உதயநகர், மனோகர்பூர் நிகழ்வுகளை முன்வைத்து

முன்னுரை

பிற சமயத்தாரோடு இணங்கி வாழும் பண்பைக் குறிக்கத் தமிழில் ‘சமயப்பொறை’ என்னும் சொல் வழங்கிவருகிறது. இஃது இக்காலச் சொல்லாக்கமே எனினும், இதன் வேர் பழமையானது. ‘பொறை’ என்பது சுமத்தல், தாங்குதல், பிறர் செய்த பிழையைப் பொறுத்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே தரும் சொல்லாகும். எனவே வேற்றுமையைத் தாங்குவதையும் தீங்கைப் பொறுப்பதையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது. ஆனால் இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது பகைக்கு இடம் நேராமற் காப்பது. பின்னது பகை தன் வேலையை முடித்த பின்னர்த் தோன்றுவது. முன்னது தவறிய இடத்தில் பின்னது எவ்வாறு செயற்படுகிறது என்பதை, 1995இல் மத்தியப் பிரதேசத்திலும் 1999இல் ஒரிசாவிலும் (இன்றைய ஒடிசா) நிகழ்ந்த இரு கொலைகளின் பின்வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறை: சொல்லும் மரபும்

திருக்குறளில் ‘பொறையுடைமை’ 16ஆம் அதிகாரமாக இல்லறவியலில் அமைந்துள்ளது. ‘இன்னாசெய்யாமை’ 32ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் அமைந்துள்ளது. தீங்கு செய்தாரைப் பொறுத்தல் இல்வாழ்வார்க்குரிய அறமாகவும், அவர்க்கு நன்மை செய்து அவரை நாணச் செய்தல் துறந்தார்க்குரிய அறமாகவும் இவ்வைப்புமுறையால் கொள்ளப்படுகின்றன. ஆகவே பொறுத்தல் துறவியர்க்கு மட்டுமே இயல்வது என்னும் கருத்துக்குக் குறளில் இடமில்லை.

கிறித்தவம் தமிழகத்தில் வேரூன்றியபோது, கிறிஸ்து தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டைத் தமிழில் தரவேண்டிய தேவை எழுந்தது. பிறர் நமக்குச் செய்த தீமையை நாம் பொறுப்பதோடு இறைவன் நம் பாவங்களைப் பொறுப்பதை இணைத்துப் பேசும் மன்றாட்டு அது. கத்தோலிக்கரின் பழைய வழிபாட்டு மரபு அவ்விடத்தில் ‘பொறு’ என்னும் வினையை ஆண்டது. சீர்திருத்தச் சபையினரின் விவிலியம் ‘மன்னி’ என்னும் வினையை ஆண்டது. இவ்வாறு கிறித்தவத்தின் மையக் கட்டளைகளுள் ஒன்று, தமிழில் ஏற்கெனவே அறச்சொல்லாக நிலைபெற்றிருந்த பொறையின் வழியாகவும் மக்களிடம் சென்றது. பின்வரும் இரு நிகழ்வுகளும் இக்கட்டளையை வாழ்வில் மேற்கொண்டோரின் வரலாறுகளாகும்.

உதயநகர், 1995

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள புல்லுவழியில் 1954இல் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையின் துறவியான இவர், மத்தியப் பிரதேசத்தின் உதயநகர்ப் பகுதியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். கடன் வலையில் சிக்கியிருந்த அம்மக்களை ஒன்றுதிரட்டிச் சேமிப்பையும் உரிமையுணர்வையும் வளர்த்தார். வட்டிக்குக் கொடுப்போரும் நிலக்கிழார்களும் இதனை விரும்பவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில், சக பயணிகள் பார்த்திருக்க, சமந்தர் சிங் என்னும் இளைஞர் அவரைப் பலமுறை கத்தியால் குத்திக் கொன்றார். அவ்விளைஞர் பிறரால் ஏவப்பட்டவர். ஆயுள் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் துறவியாவார். 2002 ஆகஸ்டில், ரக்சா பந்தன் விழாவையொட்டி, அவர் இந்தூர்ச் சிறைக்குச் சென்று சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டித் தம் உடன்பிறந்தானாக ஏற்றார். இங்கு ஒன்று கருதத்தக்கது. மன்னிக்க வேண்டும் என்னும் கட்டளை அவருடைய சமயத்திலிருந்து வந்தது. அம்மன்னிப்பைப் புலப்படுத்திய சடங்கோ எதிரிலிருந்தவரின் மரபிலிருந்து வந்தது. கொன்றவருக்கு விளங்கும் மொழியில் மன்னிப்பு பேசப்பட்டது. தன் சமயத்தை விட்டுக்கொடாமலே பிற சமயத்தின் வழக்கத்தை மதித்தேற்ற இச்செயலில் சமயப்பொறையும் பிழைபொறுத்தலும் ஒன்றாயின.

குடும்பத்தினர் அத்துடன் நிற்கவில்லை. தண்டனைக் காலம் முடியுமுன் அவரை விடுவிக்குமாறு வேண்டினர். 2006இல் அவர் விடுதலையானார். பின்னர்ப் புல்லுவழிக்குச் சென்று ராணி மரியாவின் பெற்றோரைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

மனோகர்பூர், 1999

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்த கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965இல் இந்தியாவுக்கு வந்தவர். மயூர்பஞ்ச் மாவட்டத்தின் பாரிபதாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நடைபெற்றுவந்த தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். ஒடியா, சந்தாலி, ஹோ ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்த இவர், ஹோ மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிடும் பணிக்கும் துணைநின்றார். செவிலியரான கிளாடிஸை 1983இல் மணந்தார்.

1999 சனவரி 22ஆம் நாள் இரவு, கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர்ச் சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் முகாமுக்குச் சென்றிருந்த ஸ்டெயின்சும், 10 வயது மகன் பிலிப்பும், 6 வயது மகன் திமொத்தேயுவும் தேவாலயத்திற்கு வெளியே வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தனர். தாரா சிங் தலைமையில் வந்த கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. காக்க முயன்ற ஊரார் விரட்டப்பட்டனர். மூவரும் எரிந்து மாண்டனர். பாரிபதாவில் நடந்த அடக்கத்தின்போது, கிளாடிசும் 13 வயது மகள் எஸ்தரும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லும் பாடலொன்றைப் பாடினர்.

நடுவண் அரசு நீதியரசர் வாத்வா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அதன்முன் அளித்த உறுதிமொழி ஆவணத்தில், கணவர் ஏன் கொல்லப்பட்டார் என்றும் கொன்றவர்கள் ஏன் அத்துணைக் கொடுமையாக நடந்தனர் என்றும் தாம் சில வேளை வியப்பதாகக் கிளாடிஸ் குறிப்பிட்டார். அவர்களைத் தண்டிக்கும் எண்ணம் தம்மிடம் இல்லை என்றும், அவர்கள் மனம் வருந்தித் திருந்த வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும் கூறினார். துயரத்தை மறைக்காத மன்னிப்பு இது. ‘ஏன்’ என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின் மன்னிக்கலாம் என அவர் காத்திருக்கவில்லை. மன்னித்ததனால் அவ்வினாவைக் கைவிடவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகள் பாரிபதாவிலேயே தங்கி நோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2004இல் ஆஸ்திரேலியா திரும்பினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மன்னிப்பும் சட்டமும்

2003 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனையும் மேலும் 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அவ்வேளையில் கிளாடிஸ் தாம் மன்னித்துவிட்டதை மீண்டும் உறுதிப்படுத்தினார். எனினும் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவுகளையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்றார். 2005இல் ஒரிசா உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, பதினொருவரை விடுவித்தது. 2011 சனவரி 21 அன்று நீதியரசர்கள் சதாசிவம், சவுகான் ஆகியோரடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஸ்டெயின்சின் சமயப் பணிகளுக்காக அவருக்குப் பாடம் புகட்டுவதே கொலையாளிகளின் நோக்கம் என்றும், பிறர் நம்பிக்கையில் மதமாற்றத்தின் வழியாகத் தலையிடுவதற்கு நியாயமில்லை என்றும் பொருள்பட அதில் இடம்பெற்ற கருத்துகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. நான்கே நாளில், சனவரி 25 அன்று, நீதிமன்றம் தானே அவற்றை நீக்கி வேறு சொற்களை அமைத்தது.

இத்திருத்தம் சிறிய செய்தியன்று. கொல்லப்பட்டவரின் செயலில் கொலைக்கான காரணத்தைத் தேடுவது, பழியின் ஒரு பகுதியை இறந்தவர்மேல் ஏற்றிவிடும். மதமாற்றம் குறித்த கருத்து வேறுபாட்டுக்கு அரசியலமைப்பிலும் சட்டத்திலும் இடம் உண்டு. 25ஆம் பிரிவின் பரப்புரை உரிமை மதம் மாற்றும் உரிமையாகாது என 1977இலேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஒரிசாவில் 1967 முதல் இதற்கெனத் தனிச்சட்டமும் இருந்தது. அவ்வாறு முறையிட வழியிருந்தும் தீயைக் கையிலெடுத்தமையே சமயப்பொறையின் முறிவு.

மெய்ப்பொருள் நாயனாரும் பிற்காலமும்

பகைவனைக் காத்த பொறைக்குத் தமிழ் மரபில் மெய்ப்பொருள் நாயனார் சான்றாவார். முத்தநாதன் அடியார் வேடத்தில் வந்து, புத்தகக் கட்டில் மறைத்த படையால் அவரைக் குத்தினான். அவனை வெட்ட வந்த தத்தனைத் தடுத்த நாயனார், அவனை ஊறின்றி ஊர் எல்லை கடத்துமாறு பணித்தார்; அது முடிந்த செய்தியைக் கேட்கும்வரை உயிர்தாங்கினார் எனச் சேக்கிழார் பாடுகிறார். ஆயினும் வேறுபாடு உண்டு. நாயனார் காத்தது முதன்மையாகத் திருவேடத்தின் பெருமையை. செல்மி பாலும் கிளாடிசும் நோக்கியது, வேடம் எதுவுமற்ற குற்றவாளியின் திருந்தும் வாய்ப்பை. மேலும், நாயனார் மன்னர். அவர் சொல்லே சட்டம். இன்றைய குடியாட்சியில் பாதிக்கப்பட்டவரின் பொறை வேறு, அரசின் நீதி வேறு. செல்மி பாலின் குடும்பம் அரசிடம் விடுதலை வேண்டியது. கிளாடிஸ் தண்டனையை நீதிமன்றத்திடம் விட்டார். வழிகள் வேறாயினும், இரு தரப்பினரும் சட்டத்தின் இடத்தில் தம்மை வைத்துக்கொள்ளவில்லை.

தனியொருவர் மன்னிப்பால் சமூகப் பகை அடங்கிவிடும் எனக் கருதுவதற்கும் வரலாறு இடந்தரவில்லை. கிளாடிஸ் விருது பெற்ற மூன்றாண்டுகளில், 2008 ஆகஸ்ட் 23 அன்று சுவாமி இலட்சுமணானந்த சரசுவதி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதே மாநிலத்தின் கந்தமாலில் கிறித்தவர்கள்மேல் பெருங்கலவரம் மூண்டது. பலர் உயிரிழந்தனர், பல்லாயிரவர் வீடிழந்தனர். மன்னித்தவரைப் போற்றிய சமூகம், அவர் மன்னிக்க நேர்ந்த சூழலை மாற்றியிருக்கவில்லை. 2025 ஏப்ரலில், மனோகர்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட மற்றொருவர் நன்னடத்தை கருதி 25 ஆண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். சிறைவாயிலில் அவருக்கு மாலையிட்டு வரவேற்றோரும் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மன்னிப்பு என்பது மறதியோ நீதிமறுப்போ அன்று. அது பழிக்குப்பழி என்னும் உரிமையைத் தானே துறப்பது. இரண்டாவது, துறவியான செல்மி பாலும் இல்வாழ்வினரான கிளாடிசும் அதனைக் கடைப்பிடித்தமை, பொறையை இரு அறங்களுக்கும் உரியதாக்கிய குறளின் வைப்புமுறையோடு ஒத்துச் செல்கிறது. மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் தரும் மன்னிப்பு சமூகத்தின் கடமையை நிறைவேற்றிவிடாது. பிழையைப் பொறுத்தல் பாதிக்கப்பட்டவரின் விருப்பம். வேற்றுமையைப் பொறுத்தல் அனைவரின் கடமை. அக்கடமை நிறைவேறும் நாட்டில், கணவனையும் மக்களையும் அடக்கம் செய்துவிட்டு மன்னிக்க வேண்டிய சுமை எந்தப் பெண்ணுக்கும் நேராது.