வேலை செய்து தேயாத கீல்

1977. அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் ஒரு விசித்திரமான சில்லுக்கான வேலையைத் தொடங்கினார். சிலிக்கான் மேல் நுண்ணிய கண்ணாடிப் பரப்புகளை அமைப்பது, மின்விசையால் அவற்றை வளைத்து ஒளியைத் திருப்புவது: இதுதான் திட்டம். முதலில் மெல்லிய சவ்வு, பிறகு ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள கண்ணாடி என்று வடிவங்கள் மாறிக்கொண்டே போயின. பத்து வருடம் ஓடியும் சந்தைக்குப் போகும் ப்ரொஜெக்டர் ஒன்றும் கைக்கு வரவில்லை.

சிக்கலின் வேர், கண்ணாடி சாயும்போது முறுக்கிக்கொள்ளும் கீலில் இருந்தது. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப் பொறுத்தே திரையில் வெளிச்சம் கூடும், குறையும். அப்படியானால் சில்லில் உள்ள அத்தனை கண்ணாடிகளும் ஒரே வோல்டேஜுக்கு ஒரே அளவில் சாய வேண்டும். கீலோ ஒரு மெல்லிய உலோகப் பட்டை; அதை முறுக்குவது எவ்வளவு கடினம் என்பது அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பத்து சதவீதம் கூடினாலே விறைப்பு முப்பது சதவீதத்துக்கு மேல் எகிறிவிடும். உலோகத்தை ஆவிபோல் படியவிடும்போது சில்லின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் கடுகளவு வித்தியாசம் வந்தாலும் படம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

1987-இல் ஹார்ன்பெக் கீலின் தலையில் இருந்த இந்தச் சுமையை இறக்கி வைத்தார். இனி கண்ணாடி அளவாகச் சாய வேண்டாம். ஒரு பக்கம் முழுதாக விழட்டும், இல்லையென்றால் மறுபக்கம் முழுதாக விழட்டும். மின்விசை இதற்குத் தோதானது. இடைவெளி குறையக் குறைய இழுவிசை அதன் இருமடி விகிதத்தில் கூடுகிறது. கீல் எதிர்த்து இழுப்பதோ சாய்வுக்கு ஏற்ற அளவில் மட்டும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் கீலால் பிடித்து நிறுத்த முடியாது. கண்ணாடி பொத்தென்று போய்த் தரையில் முட்டி நிற்கும். எத்தனை டிகிரி என்பதை முட்டும் இடமே தீர்மானித்துவிடுகிறது. அது பத்து டிகிரி. கீல் கொஞ்சம் தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் கோணம் மாறாது. சாம்பல் நிறம் வேண்டுமா? கண்ணாடியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை புரட்டி, ஒளி திரைக்குப் போகும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.

இந்த அளவில் ஆணியும் உறையும் வைத்த கீலுக்கு இடமில்லை. பொருள் சிறுக்கச் சிறுக்க எடையின் செல்வாக்கு போய், பரப்போடு பரப்பு ஒட்டும் விசை ஓங்கிவிடும். ஆணி உறையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விடவும் வழியில்லை. ஆகவே உரசும் பாகமே இல்லாத கீல்தான் வழி: தானே முறுக்கிக்கொண்டு, விசை விட்டதும் தானே நேராகும் பட்டை. அதற்கு அலுமினியக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கண்ணாடிகளுக்கு அடியில் ஏற்கெனவே நினைவகச் சுற்றுகள் இருக்கின்றன. பாலிசிலிக்கானைப் படியவைக்கத் தேவையான சூட்டை அவை தாங்கா. அலுமினியத்தைச் சூடில்லாமலே படியவைக்கலாம்.

அது உருவாகும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். சுற்றுகளின் மேல் ஒரு ரெசிஸ்ட் பூச்சு. அது தற்காலிகச் சாரம் மட்டுமே. அதன் மேல் 100 நானோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஒரு உலோகப் படலம். இதுதான் கீலாகப் போகிறது. கீல் வர வேண்டிய இடத்தை மட்டும் ஆக்சைடால் மூடிவிட்டு, மேலே தடித்த உலோகத்தைப் படியவிடுகிறார்கள். பிறகு அரித்தெடுக்கும்போது மூடிய இடத்தில் மெல்லிய கீல் மட்டும் மிஞ்சுகிறது. மற்ற பாகங்கள் தடிப்பாகவே நிற்கின்றன. கடைசியில் பிளாஸ்மாவால் சாரத்தை எரித்து நீக்கினால் கண்ணாடி அந்தரத்தில் தொங்கும். இந்தக் கடைசி வேலைக்கு முன்பே, பல சில்லுகள் சேர்ந்திருக்கும் சிலிக்கான் வட்டை (வேஃபரை) அறுத்தாக வேண்டும். கண்ணாடிகளை விடுவித்தபின் அறுத்தால் தூளும் தண்ணீரும் அவற்றைப் பாழாக்கிவிடும்.

ஆரம்ப வடிவத்தில் கீலும் அதைத் தாங்கும் தூண்களும் கண்ணாடியின் தளத்திலேயே இருந்தன. விளக்கொளி அவற்றில் பட்டுச் சிதறியது. கருப்பு கருப்பாக இல்லை. அதனால் கீலைக் கீழே இறக்கி, அதன் மேல் ஒரு தூண் நட்டு, கண்ணாடியைத் தூணின் தலையில் வைத்தார்கள். 16 மைக்ரோமீட்டர் சதுரக் கண்ணாடிகள், நடுவே ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி: ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 58 கண்ணாடிகள். 1024-க்கு 768 அளவுள்ள சில்லில் மொத்தம் 7,86,432. அத்தனையும் கீலை மறைத்துக்கொண்டு நின்றன.

இதைப் பார்த்த எவருக்கும் முதலில் எழும் கேள்வி: எத்தனை நாள் தாங்கும்? இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். சாதாரண அலுமினியக் கட்டியின் குணங்களை வைத்துக் கணக்குப் போட்டபோது அச்சம் நியாயமாகவே தெரிந்தது. ஆனால் சோதனையில் கண்ணாடிகளை லட்சம் கோடி தடவைக்கு மேல் புரட்டியும் கீல்கள் முறியவில்லை. கட்டி உலோகத்தில் விரிசல் எப்படித் தொடங்குகிறது? உள்ளே படிகங்களின் குறைகள் நகர்ந்து, ஓரிடத்தில் குவிந்து, பரப்பை நோக்கி உடைப்பாக வளர்கின்றன. இந்தக் கீலுக்கு அப்படியொரு உள்பகுதியே இல்லை. ஒரு படிகத் துகளின் அளவுதான் அதன் தடிமன். குறைகள் குவிவதற்கு முன்பே பரப்பை அடைந்து மறைந்துவிடுகின்றன.

வேறு இடத்தில்தான் அடி விழுந்தது. முட்டிய முனை தரையோடு ஒட்டிக்கொண்டு மீள மறுத்தது முதல் தொல்லை. முனைகளில் வில்போல் துள்ளும் நுண்ணிய நீட்சிகள் வைத்து, பரப்புகளுக்கு வழுக்கும் பூச்சு கொடுத்து, ஈரம் புகாமல் உறையிட்டு அதைச் சமாளித்தார்கள். இரண்டாவது தொல்லை கீலுடையதேதான். சூட்டில் ஒரே பக்கம் நெடுநேரம் சாய்ந்திருந்த கண்ணாடி, மின்விசை போன பின்னும் கொஞ்சம் அந்தப் பக்கமே சாய்ந்து நின்றது. பல மாதம் சுருட்டி வைத்த காலண்டரைப் பிரித்தால் மறுபடி சுருண்டுகொள்வதுபோல. பொறியாளர்கள் இதைக் கீலின் ஞாபகம் என்றே சொல்கிறார்கள். சாய்வு மிச்சமாகிப் பெருகினால் ஒரு கட்டத்தில் மறுபக்கம் இழுக்கப் போதிய விசை கிடைக்காது. திரையில் அந்தப் புள்ளி செத்துவிடும். கீலின் கலவையை மாற்றி, சில்லின் சூட்டைக் குறைத்து, கண்ணாடிக்குத் தரும் மின்துடிப்புகளைத் திருத்தி அதன் ஆயுளை நீட்டினார்கள்.

கீல் ஊர் சுற்றப் புறப்பட்டது 1990-இல், விமான டிக்கெட் அச்சடிக்கும் இயந்திரத்தில். 1996-இல் அலுவலகப் ப்ரொஜெக்டர்களுக்குள் நுழைந்தது. 1999 ஜூனில் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படம் ஃபிலிம் இல்லாமல் சில அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது. அவற்றில் சிலவற்றில் ஒளியைத் திருப்பியவை இந்தக் கண்ணாடிகள். ஹார்ன்பெக்குக்கு 2015-இல் ஆஸ்கர் அகாதமியின் விருது கிடைத்தது. ஃபிலிம் பெட்டி வந்ததா என்று வாசலைப் பார்த்திருந்த நம்மூர்த் தியேட்டர்களிலும் பார்க்கோ, கிறிஸ்டி ப்ரொஜெக்டர்கள் வந்தபோது அவற்றின் வயிற்றில் இதே கீல்கள் வந்து சேர்ந்தன. இன்று பிசினை ஒளியால் உறையவைக்கும் 3டி பிரிண்டர்களிலும், சர்க்யூட் பலகைகளில் நேரடியாகக் கோடு வரையும் இயந்திரங்களிலும் அவை இருக்கின்றன.

கண்ணாடி 5.4 மைக்ரோமீட்டராகச் சுருங்கி, சாய்வு 17 டிகிரியாகக் கூடிவிட்டது. நீளம் குறைந்த கீல் அதிகமாக முறுக்கப்படுகிறது. ஆகவே பழைய நோய் முற்றும் தீரவில்லை. இன்றைக்கும் இந்தச் சில்லை வாங்குபவருக்கு வரும் தகவல் ஏட்டில் ஒரு வரைபடம் உண்டு: எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் கண்ணாடி ஒரு பக்கம் இருக்கலாம் என்று. சில்லுக்கு மிக நல்லது இரு பக்கமும் பாதிப் பாதி. அதனால் சில கருவிகள் படம் காட்டாத வேளையிலும், விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இரு பக்கமும் புரட்டிக்கொண்டே இருக்கின்றன. லட்சம் கோடி தடவை ஆட்டியும் கெடாத கீலைக் காப்பாற்ற, அதற்கு ஓய்வு தராமல் இருப்பதே மருந்து.