ஆய்விதழ்களில் நலமுரண்

ஆய்வு முடிவை நடுநிலையோடு எழுதவோ எடைபோடவோ வேண்டிய ஒருவருக்கு, அந்த முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சொந்த லாபநட்டம் இருந்தால் அதுவே நலமுரண். பணம், பதவி, நட்பு, பகை, வேலை பார்க்கும் நிறுவனத்தின் மீதான விசுவாசம் என எல்லாம் இதில் அடங்கும். நலமுரண் இருப்பதாலேயே ஒரு கட்டுரை பொய்யாகிவிடாது. ஆனால் அது வாசகருக்குத் தெரியாவிட்டால், கட்டுரையை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட அவருக்கு வழியில்லை.

மருத்துவ இதழ்களில் கட்டுரையாளர்களின் பணத்தொடர்பை வெளிப்படையாகக் கேட்கும் வழக்கத்தை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 1984இல் தொடங்கியது. பதிப்பு நெறிகளுக்கான ‘கோப்’ குழு 1997இல் பிரிட்டனில் உருவானது. மறுஆண்டே, எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை ‘லான்செட்’டில் வந்தது. ஆய்வுக்குள்ளான குழந்தைகள் 12 பேர்தான். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்திருந்த தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்த செய்தி 2004இல்தான் வெளியே தெரிந்தது. ‘லான்செட்’ கட்டுரையைத் திரும்பப் பெறும்போது 2010 ஆகிவிட்டது. அதற்குள் பல நாடுகளில் பெற்றோர் மனத்தில் பயம் வேரூன்றிவிட்டது.

இன்று பல மருத்துவ இதழ்கள் கேட்பது மருத்துவ இதழ் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த படிவம். அதில் 13 கேள்விகள். கட்டுரைக்கே கிடைத்த உதவிக்குக் கால வரம்பு இல்லை. மற்றவற்றுக்குக் கடந்த 36 மாதக் கணக்கைச் சொன்னால் போதும். ராயல்டி, ஆலோசனைக் கட்டணம், சொற்பொழிவுக்கு வாங்கிய தொகை, பயணச் செலவு, காப்புரிமை, பங்குகள் என ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. மதிப்பாய்வாளர் தனக்குத் தொடர்புள்ள கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பதிப்பாசிரியரே எழுதிய கட்டுரை என்றால் இன்னொருவர் அதைக் கையாள வேண்டும். அதை யார் மதிப்பாய்வு செய்கிறார்கள் என்பது எழுதிய பதிப்பாசிரியர் கண்ணில் படக் கூடாது.

இந்தப் படிவம் தனிமனிதர்களைப் பிடிக்கும். ஆய்வுக்குப் பணம் தருவது, ஆய்வைச் செய்வது, அரசுக்கு ஆலோசனை சொல்வது, இதழ் நடத்துவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்தால் படிவம் திணறிவிடும். டெல்லி அன்சாரி நகரில் தலைமையகம் கொண்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐ.சி.எம்.ஆர்.) இதற்கு நல்ல உதாரணம். 1911இல் தொடங்கி 1949இல் இப்பெயர் பெற்ற இந்த அமைப்புதான் 1913 முதல் வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழின் வெளியீட்டாளர்.

2020 மார்ச்சில், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் பணிக்குழு பரிந்துரைத்தது. அப்போது அதற்கான மருத்துவச் சான்று மிகக் குறைவு. அடுத்த சில மாதங்களுக்குள், தொற்று ஏற்பட்ட 378 பணியாளர்களையும் ஏற்படாத 373 பேரையும் ஒப்பிட்ட ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஐ.சி.எம்.ஆர். இதழிலேயே வெளியானது. நான்கு அல்லது அதற்கு மேல் தொடர்தவணை எடுத்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு குறைவு என்றது அது. ஆய்வில் யாரும் தில்லுமுல்லு செய்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் பரிந்துரைத்தவர், சோதித்தவர், அச்சிட்டவர் மூவரும் ஒரே வீட்டார். இதில் தனிமனிதர் யாரும் பத்து ரூபாய்கூட வாங்கியிருக்க வேண்டியதில்லை; நிறுவனத்தின் மானமே போதுமான நலமுரண்.

கோவாக்சினில் பணமும் சேர்ந்துகொண்டது. ஐ.சி.எம்.ஆரும் பாரத் பயோடெக்கும் கூட்டாக உருவாக்கிய தடுப்பூசி அது. நிகர விற்பனையில் 5 சதவீதம் ஐ.சி.எம்.ஆருக்கு ராயல்டி, 2022 தொடக்கம் வரை சுமார் 171 கோடி ரூபாய் வந்ததாக அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. 2024 மே மாதம் பனாரஸ் இந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோவாக்சின் போட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து கண்ட உடல்நலக் கோளாறுகளை ‘டிரக் சேஃப்டி’ இதழில் எழுதினார்கள். உடனே ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநர் இதழுக்கும் ஆய்வாளர்களுக்கும் கடிதம் எழுதினார். தடுப்பூசி போடாதவர்களோடு ஒப்பிடவில்லை, தொலைபேசியில் கேட்டதை மருத்துவ ஆவணங்களோடு சரிபார்க்கவில்லை, ஐ.சி.எம்.ஆருக்கு நன்றி சொன்னது அனுமதியில்லாமல் என்பவை அவர் சுட்டிய குறைகள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். பாரத் பயோடெக் ஹைதராபாத் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டுரையாளர்கள் மீதும் பதிப்பாசிரியர் மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. முடிவுகள் தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்பது இதழ் சொன்ன காரணம். கட்டுரையாளர்கள் அதை ஏற்கவில்லை.

ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது சரியான விமர்சனமே. அதை மறுப்புக் கடிதமாக அச்சிட்டு, ஆய்வாளர்களின் பதிலையும் பக்கத்திலேயே போடுவதுதான் இதழ்களின் பழைய மரபு. ராயல்டி வாங்கும் அமைப்பு கட்டுரையையே நீக்கச் சொல்வதும், விற்பவர் நீதிமன்றம் போவதும் விமர்சனத்தின் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகின்றன. பதிப்பாசிரியர் மீதே வழக்குப் போட்டால், அவர் எடுக்கும் அடுத்த முடிவிலும் நலமுரண் புகுந்துவிடும். எந்தப் படிவத்திலும் அதற்கு வரிசை கிடையாது.

நிறுவனம் நடத்தும் இதழ்களுக்கு ஒரு வழி உண்டு. சொந்த நிறுவனத்தின் ஆய்வு வந்தால் வெளியிலிருந்து ஒரு விருந்தினர் பதிப்பாசிரியரை அழைத்து, ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவை அவரிடம் ஒப்படைத்துவிடலாம். நூறாண்டைக் கடந்த ஐ.சி.எம்.ஆர். இதழ், தன் வெளியீட்டாளரின் ஆய்வு ஒவ்வொன்றின் அடியிலும் அதைக் கையாண்டவர் யார், ஐ.சி.எம்.ஆருக்கு அந்த மருந்தில் ராயல்டி உண்டா என்று இரண்டு வரி அச்சிட வேண்டும்.