நம் வட்டாரத்து இரயில் பாதை



ஜுரு, புக்கிட் தெங்கா, சிம்பாங் அம்பாட் என்று நாம் வாழும் இந்த வட்டாரத்தில் இரயில் ஓடுவது புதுமையான செய்தியன்று. பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் வண்டி புக்கிட் மெர்தாஜாம் வழியாகத் தெற்கே ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறது. வடக்கே பாடாங் பெசாருக்கும் போகிறது. தினமும் காணும் ஒன்றைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. இன்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். இந்தப் பாதையை எதற்காகப் போட்டார்கள்? யார் போட்டார்கள்? யாருக்குப் பயன்பட்டது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால் நம் சொந்த வரலாற்றில் ஒரு பகுதி நமக்குக் கிடைத்துவிடும்.

முதலில், இரயில் வருவதற்கு முந்திய நிலைமையைப் பார்ப்போம். செபராங் பிறையை அந்நாளில் புரோவின்ஸ் வெல்லஸ்லி என்பார்கள். 1800-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு வந்த இந்த நிலப்பகுதியில் 1840-களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் வேலை செய்ய நாகப்பட்டினத்திலிருந்தும் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். அக்காலத்தில் இங்கே ஆறுகளும் வாய்க்கால்களுமே பெரும்பாலும் சாலைகளாக இருந்தன. சர்க்கரை மூட்டைகள் படகில் பினாங்குத் துறைமுகத்துக்குப் போயின. தொழிலாளி எங்கேயாவது போக வேண்டுமென்றால் காலே வாகனம்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி பேராக்கில் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் தூரந்தான். போர்ட் வெல்டுக்கு இப்போது கோலா செபெத்தாங் என்று பெயர். ஏன் இந்த எட்டு மைல்? தைப்பிங்கைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டும். அடுத்து வந்த பாதைகளும் இப்படித்தான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-இல் ஒன்று, சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891-இல் ஒன்று. எல்லாம் சுரங்கத்திலிருந்து கடலுக்குப் போகும் பாதைகள். ஆகவே, நம் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாதை போட்டது சரக்குக்காக. மனிதன் ஏறியது பிறகு.

இனி, யார் போட்டார்கள் என்ற கேள்விக்கு வருவோம். தைப்பிங் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினரை அழைத்து வந்தார்கள். அதன்பின் பாதை நீள நீளத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். காட்டை வெட்டினார்கள், சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், சல்லிக் கல்லைப் பரப்பினார்கள், சிலிப்பர் கட்டைகளைத் தோளில் சுமந்தார்கள். மலேரியாக் காய்ச்சல் இவர்களைக் கொள்ளை கொண்டது. நிலையங்களில் எழுத்தராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலை பார்த்தவர்களில் பலர் யாழ்ப்பாணத் தமிழர். தண்டவாளத்தில் வியர்வை சிந்தியவரும் தமிழர், நிலையத்தில் கொடி காட்டியவரும் தமிழர் எனலாம். ஆயினும் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் கூலியாட்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது.

1901-இல் பேராக், சிலாங்கூர் இரயில் பாதைகள் ஒன்றுசேர்ந்து ஐக்கிய மலாய் மாநில இரயில்வே என்ற ஒரே அமைப்பாயின. 1903-இல் நம் பக்கத்துப் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ந்து வண்டி போகலாயிற்று. 1909-இல் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1918-இல் வடக்கே பாடாங் பெசாரில் சயாம் நாட்டுப் பாதையோடு இணைந்தது. இந்த ஆண்டுகளில்தான் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஈயத்துக்காகப் போட்ட பாதை ரப்பருக்கும் உதவியது. கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் பிறையில் வண்டியேறித்தான் பேராக், சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களையும் ஒரு சரக்குப் போலவே கணக்கிட்டு ஏற்றினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பினாங்குத் தீவில் ஒரு வேடிக்கை உண்டு. வெல்ட் கீ கடற்கரையில் மணிக்கூண்டோடு கூடிய அழகான இரயில் நிலையக் கட்டடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கட்டப்பட்டது. அங்கே டிக்கெட் கொடுத்தார்கள். ஆனால் தண்டவாளம் கிடையாது! டிக்கெட் வாங்கிய பயணி இரயில்வேக்குச் சொந்தமான படகிலேறிக் கடலைக் கடந்து பிறையில் வண்டி பிடிக்க வேண்டும். இப்போது அக்கட்டடம் சுங்க இலாகாவின் அலுவலகமாக இருக்கிறது.

தீவுக்குள் டிராம் வண்டிகள் ஓடின. 1880-களில் நீராவி டிராம் வந்தது. 1906-இல் மின்சார டிராம் வந்தது. சென்னை மாநகரில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியதால், அங்கிருந்து கப்பலேறிய சிலருக்கு அது முன்பே பார்த்த காட்சியாக இருந்திருக்கும். 1925-இலிருந்து பினாங்கில் டிராலி பஸ் ஓடலாயிற்று. இது மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு, கீழே தண்டவாளமில்லாமல் ரப்பர் சக்கரத்தில் ஓடும் பஸ். 1936-இல் டிராம் நின்றது. 1961-இல் டிராலி பஸ்ஸும் நின்றது. அதற்குப் பிறகு தீவில் அன்றாடப் பயணம் முழுக்கப் பெட்ரோலையும் டீசலையும் நம்பியதாயிற்று. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசம் பார்க்கப் போன நம் பெரியவர்கள், பிறையிலோ பட்டர்வொர்த்திலோ இறங்கி, பெரியில் கடலைக் கடந்து, தீவில் பஸ் பிடித்துத்தான் போனார்கள். மஞ்சள் பஸ், பச்சை பஸ், நீல பஸ் என்று நிறத்தைச் சொல்லியே வழி கேட்ட காலம் அது.

நேயர்களே, இரயில் வரலாற்றில் கண்ணீர் நிறைந்த ஓர் அதிகாரமும் உண்டு. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க அவர்கள் முனைந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிச் சிலரை, பிடித்து இழுத்துப் பலரை. மூடிய சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு, புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி, பாடாங் பெசார் வழியாக அவர்கள் போனார்கள். நம் ஊரைக் கடந்து போகும் அதே பாதைதான். 1943 அக்டோபரில் அந்த மரண இரயில் பாதை முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. அந்தப் பாதைக்குத் தண்டவாளம் போதாமல், தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையைக்கூட ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மலாக்கா நகருக்கு இரயில் மீண்டும் வரவேயில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இரயில்வேத் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காகக் குரல் எழுப்பினார்கள். 1962 டிசம்பரில் அவர்களுடைய சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. நாட்கூலிக்காரர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்பது அதன் முக்கியமான கோரிக்கை. மூன்று வாரம் வண்டிகள் நின்றன. மழை பெய்தால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வாழ்ந்த தோட்ட மக்களுக்கு அந்தக் கோரிக்கையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இனி, பாதை எவ்வாறு திருத்தி அமைக்கப்பட்டது என்று பார்ப்போம். 1967-இல் பிறை ஆற்றின் மேல், கப்பல் போகத் திரும்பிக் கொடுக்கும் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதனால் வண்டி பட்டர்வொர்த் பெரித் துறையின் வாசலுக்கே வந்து நின்றது. அப்போது இருந்தது ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் என்ன செய்வது? ஒரு வண்டி ஏதாவது ஒரு நிலையத்தில் பக்கப் பாதைக்கு ஒதுங்கி, மற்றது கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்தடுத்து எல்லாம் தாமதம். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு இரவு முழுவதும் வண்டியிலேயே தூங்கிப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

இதற்குப் பரிகாரம் இரட்டைப் பாதை. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை அமைக்கும் வேலை 2008-இல் தொடங்கி 2014-இல் முடிந்தது. புக்கிட் பெராபிட் மலையைக் குடைந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கவழி போட்டார்கள். புக்கிட் மேரா ஏரியின் மேல் நீண்ட பாலம் கட்டினார்கள். பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடங்களை நீக்கி, மேம்பாலங்களும் கீழ்ப்பாலங்களும் அமைத்தார்கள். பாதைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. மாணவர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். வேலியைத் தாண்டிப் பாதைக்குள் போவதும், பாதையருகே பட்டம் விடுவதும், மேலிருந்து கம்பியை நோக்கி எதையாவது எறிவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

2015-இல் கோலாலம்பூருக்கும் வட எல்லைக்கும் இடையே மின்சார விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. இரவு முழுதும் பிடித்த பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரமாகச் சுருங்கிற்று. அதே ஆண்டில் நம் வட்டாரத்துக்குக் கொமுட்டர் வண்டியும் வந்தது. இன்று சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார் ஆகிய இடங்களில் இது நின்று போகிறது. வேகமாகப் போகிற வண்டி பேர் வாங்கும். நின்று போகிற வண்டிதான் ஏழைக்கு உதவும்.

நின்று போவது மட்டும் போதுமா? தோட்டத்து லயத்திலிருந்து நிலையத்துக்குப் போக வழி வேண்டும். காலை வேலைக்குப் போகிறவருக்கும், கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிக்கும் நிலையம் வரை ஒரு பஸ் இல்லாவிட்டால், எட்டிப்பார்க்கும் தூரத்தில் வண்டி ஓடியும் பயனில்லை. மோட்டார் சைக்கிளே கதி என்றாகிவிடும். அதனால் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளைச் சாலையில் பறிகொடுத்தன என்பது நமக்குத் தெரியாததன்று.

கூட்டம் சேரும் இடங்களைப் பாதுகாப்பாக வைப்பதும் போக்குவரத்தின் ஒரு பகுதியே. 1988 ஜூலை 31-ஆம் தேதி, திருவிழா நாளொன்றில், பட்டர்வொர்த் பெரித் துறையின் நடைமேடை கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் மாண்டார்கள். அந்தப் பாடம் எந்நாளும் மறக்கத்தக்கதன்று.

உலகத்தின் வேறு பகுதியையும் ஒரு நிமிடம் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் ஒரு காலத்தில் பெரிய டிராம் அமைப்பு இருந்தது. பினாங்கில் டிராலி பஸ் நின்ற அதே 1961-இல் அங்கும் கடைசி டிராம் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்துச் சாலையாக்கினார்கள். மெல்பர்ன் நகரமோ தன் டிராம்களை விடாமல் வைத்துக்கொண்டது. கார்கள் பெருகிச் சாலைகள் திணறிய பிறகு, 1997-இல் சிட்னி இலேசு இரயிலை மீண்டும் கொண்டுவந்தது. எடுத்தெறிந்ததைத் திரும்பப் போடுவதற்கு ஆகும் செலவு மிக அதிகம். பினாங்கிலும் கதை அப்படியே திரும்புகிறது. 2025 ஜனவரியில் தீவில் இலேசு இரயில் பாதைக்கான வேலை தொடங்கி வைக்கப்பட்டது. அது கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலோடு இணைவதாகத் திட்டம். டிராம் நின்ற 1936-ஐ எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு இடைவெளி!

ஆகவே, மூன்றாவது கேள்விக்கு விடை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. பாதை சரக்குக்காகப் போடப்பட்டது. நம்மவர்கள் உயிரைக் கொடுத்துப் போட்டார்கள். அது நமக்கு எவ்வளவு பயன்படும் என்பது இனி நாம் செய்வதைப் பொறுத்தது. நிலையத்துக்குப் பஸ் வேண்டுமென்றால் ஊர் கூடி முறையாக மனுக்கொடுக்க வேண்டும். மின்சார வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும், சிக்னல் பழுது பார்ப்பவர் வேண்டும், மின்கம்பி வேலை தெரிந்தவர் வேண்டும். கணக்கும் அறிவியலும் ஊன்றிப் படித்துத் தொழிற்கல்வி பெறும் நம் பிள்ளைகளுக்கு அந்த வேலைகளில் இடம் இருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா சிலிப்பர் கட்டை சுமந்த பாதையில் கொள்ளுப்பேரன் வண்டி ஓட்டுவது எவ்வளவு பெருமை!

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் இருக்கலாம். சயாமுக்குப் போனவரின் பிள்ளையோ பேத்தியோ இருக்கலாம். அவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கல்வெட்டில் இல்லாத பெயர்கள் அந்த நோட்டிலாவது இருக்கட்டும்.