'ஐ அக்ரீ' அழுத்தும் முன்: பிரைவசி பாலிசி நமக்கு ஏன் புரிவதில்லை? புதிய சட்டத்தால் என்ன மாறும்?

ஹவுரா ரயில் நிலையத்தில் காட்பாடி வழியாகச் செல்லும் ரயில்களுக்குக் காத்திருப்பவர்களில் கணிசமானோர், வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகப் போகும் வங்காளக் குடும்பத்தினர். அந்த ஒரு பயணத்துக்கு எத்தனை முறை 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிக்கெட் எடுக்கும் செயலி, ரயில் நிலைய வைஃபை, பணம் கட்டும் யுபிஐ செயலி, லாட்ஜ் புக்கிங், டாக்டரிடம் நேரம் கேட்கும் இணையதளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைவசி பாலிசி, அதாவது தனியுரிமைக் கொள்கை இருக்கிறது. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். படிக்காமலே 'ஓகே'ன்னு தட்டிட்டுப் போறதுதான் நம்ம எல்லோருடைய வழக்கமும். ஹவுராவில் நிற்பவருக்கும் சென்னை சென்ட்ரலில் நிற்பவருக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

இது மக்களின் சோம்பேறித்தனமா, எழுதியவர்களின் தவறா?

யாராவது படிக்கிறார்களா?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் தான் பார்க்கும் எல்லா இணையதளங்களின் பிரைவசி பாலிசியையும் படித்தால், ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்றது அந்த ஆய்வு. ஸ்மார்ட்போன் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு இது.

இன்னொரு ஆய்வில், இல்லாத ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கி 543 கல்லூரி மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். 'கட்டணமாக உங்கள் முதல் குழந்தையைத் தர வேண்டும்' என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. 98% பேர் அதைக் கவனிக்கவே இல்லை. படித்த இளைஞர்களுக்கே இந்த நிலை.

எளிமையை எப்படி அளக்கிறார்கள்?

ஆங்கிலத்துக்கு 1948-ல் ருடால்ஃப் ஃபிளெஷ் உருவாக்கிய சூத்திரம் பிரபலம். வாக்கியத்தின் சராசரி நீளம், சொல்லில் உள்ள அசைகளின் சராசரி எண்ணிக்கை இரண்டையும் வைத்து மதிப்பெண் தரும். 60-70 வந்தால் எளிய நடை. 30-க்குக் கீழே போனால் மிகக் கடினம். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் வேறோர் அளவுகோலால் 150 பிரைவசி பாலிசிகளை அளந்தபோது, பெரும்பாலானவை கல்லூரிப் படிப்பு அளவையும் தாண்டிய நடையில் இருந்தன.

தமிழுக்கு ஃபிளெஷ் சூத்திரம் ஒத்துவராது. 'ஒப்புக்கொள்ளாவிட்டாலும்' என்பது நமக்கு ஒரே சொல், அதில் ஏழு அசைகள். சூத்திரத்தின்படி ஒரு சொல்லுக்குச் சராசரியாக மூன்று அசை வந்தாலே மதிப்பெண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். எளிய தமிழும் 'கடினம்' என்றே கணக்காகும். எனவே ஒரு தமிழ் பாலிசி புரிகிறதா என்பதை, சாதாரணப் பயனர்களைப் படிக்கச் சொல்லி, கேள்வி கேட்டுத்தான் சோதிக்க முடியும்.

புரியாவிட்டால் என்ன நஷ்டம்?

2022 ஆகஸ்டில் நடந்ததைப் பார்க்கலாம். பயணிகளின் தரவைப் பயன்படுத்தி வருவாய் ஈட்டும் வழிகளை ஆராய ஆலோசகர் தேவை என்று ஐஆர்சிடிசி டெண்டர் விட்டது. பெயர், வயது, மொபைல் எண், பணம் செலுத்தும் முறை போன்ற விவரங்கள் அந்த ஆய்வின் எல்லைக்குள் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது. தரவை விற்கும் எண்ணமில்லை என்று விளக்கம் வந்தது. அதே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன், டெண்டரைத் திரும்பப் பெற்றுவிட்டதாக ஐஆர்சிடிசி தெரிவித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வராததை அது காரணமாகச் சொன்னது.

டிக்கெட்டுக்காகத் தந்த விவரத்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது பாலிசியின் ஏதோ ஒரு பத்தியில்தான் இருக்கும். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஒப்புதல், அறிவிப்பு தொடர்பான விதிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதன்படி அவை 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். முக்கிய அம்சங்கள்:

• ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு தெளிவான, எளிய நடையில், தனியாகப் படித்தாலே புரியும்படி இருக்க வேண்டும்.
• எந்தெந்தத் தரவு, எதற்காக என்று பட்டியலிட வேண்டும்.
• ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் வங்காளமும் இதில் அடக்கம்.
• ஒப்புதல் தந்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.
• ஏற்கெனவே 'ஓகே' சொன்னவர்களுக்கும் புதிதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

சட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான விவரங்களுடன் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. நீங்கள் இரண்டுக்கும் சரி சொல்கிறீர்கள். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், உங்கள் ஒப்புதல் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். வேலூர் போகும் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் இது.

மொழிபெயர்த்தால் போதுமா?

போதாது. மாதிரிக்கு ஒரு வாக்கியம்: "தங்களது தனிநபர் தரவானது வணிக நோக்கங்களுக்காக இணை நிறுவனங்கள் மற்றும் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்." தமிழில்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்குப் புரியும்? "உங்கள் போன் நம்பரை விளம்பர கம்பெனிகளுக்குக் கொடுப்போம்" என்று எழுதினால் யோசிக்காமல் யாரும் பட்டனைத் தொட மாட்டார்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது

முழுசா படிக்க நேரமில்லையா? மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள். என்ன எடுக்கிறார்கள்? யாருக்குக் கொடுக்கிறார்கள்? எப்படி அழிக்கச் சொல்வது? பிறகு போன் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கான அனுமதிகளைப் பாருங்கள். டிக்கெட் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? தேவையில்லாததை அணைத்துவிடுங்கள். அதற்கு ஆங்கிலப் பாலிசியைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.