'உணர்ச்சிபூர்வமான' என்று ஒரு சொல்

சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை, கவுண்டரில் கூட்டம் வடிந்த பிறகு, வழக்கமாகப் பணம் கட்ட வருகிற ஓவர்லாக் டெய்லர் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் பதினோரு கவிதைகள். ஒன்று அவருடைய அப்பாவைப் பற்றியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அவர் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். வாரம் ஒன்றாக நகங்களிலிருந்து சாயம் விலகுகிறது. சோற்றுத் தட்டின் முன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கடைசி நான்கு வரிகள் நொய்யலை விளித்து, ஆச்சரியக்குறிகளோடு, அரற்றுகின்றன.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'உணர்ச்சிபூர்வமாக இருக்கிறது.'

அடுத்த வாரம் வந்து, "ரொம்ப சந்தோசங்க சார். வீட்டுலயும் காட்டுனனுங்க" என்றார். நான் குறை சொல்லியிருந்தேன். அவர் பாராட்டாக வாங்கிக்கொண்டார். திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் தவறு இது? அவர் தமிழ் தெரிந்தவர், நானும்தான். தவறு சொல்லிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது.

எங்கள் பி.ஏ. வகுப்பில் 'எமோட்டிவ்' என்ற பெயரடை ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வழியாக வந்தது. 1923இல் ஆக்டனும் அவரும் சேர்ந்து எழுதிய நூலில் மொழியின் உபயோகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, விஷயத்தைச் சுட்டுவது. மற்றது உணர்ச்சிகளையும் மனப்பாங்குகளையும் வெளியிடுவது அல்லது கிளப்புவது. இந்த இரண்டாவதுதான் எமோட்டிவ். இங்கே அது வசையல்ல, வகை. கவிதையையே இந்த வகையின் உச்சமாக ரிச்சர்ட்ஸ் கருதினார். ஆனால் அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெளியிடுவது எழுதுகிறவன் பக்கம் நடப்பது. கிளப்புவது படிக்கிறவன் பக்கம் நடப்பது. இரண்டு காரியங்களை ஒரே பெயரடையில் கட்டியாயிற்று. 1936இல் ஏயரும் 1937இல் ஸ்டீவன்சனும் இதே கருத்தை அறவியலுக்குக் கொண்டுபோனார்கள்: 'நல்லது' என்று சொல்பவன் ஒரு பொருளை விவரிப்பதில்லை, தன் மனப்பாங்கைக் காட்டி எதிராளியையும் அதற்குள் இழுக்கிறான் என்றார்கள். இப்போது ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு பிரச்சினையை எமோட்டிவ் என்றால், தொட்டால் ஜனங்கள் கொதித்துவிடுவார்கள், ஜாக்கிரதை என்று அர்த்தம். வகைப்பெயர் எச்சரிக்கைப் பலகை ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் பக்கத்துச் சொற்களாவது உண்டு. உணர்ச்சி வசப்பட்டவன் எமோஷனல். உணர்ச்சியைத் துலக்கமாகக் காட்டும் முகமோ குரலோ எக்ஸ்பிரஸிவ். உணர்ச்சியைக் கிளப்புவது எமோட்டிவ். நாம் மூன்றுக்கும் 'உணர்ச்சிபூர்வம்' என்றோம். பூர்வம் என்றால் முன்னால் நிற்பது. உணர்ச்சி முன்னால் நிற்கிறது என்றுதான் சொல் சொல்கிறது. யாருடைய உணர்ச்சி, எழுதியவனுடையதா, கவிதைக்குள் இருப்பவனுடையதா, வாசகனுடையதா என்று சொல்வதில்லை.

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) இந்த இடத்தில் 'பாவம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவிதையில் பாவம் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. அது நல்ல கேள்வி. ஆனால் தமிழ் எழுத்தில் பாவமும் பாபமும் ஒன்றுதான். பரிதாபத்துக்கு நாம் உச்சுக்கொட்டுகிற பாவமும் அதுதான். 1959இல் 'எழுத்து' வந்தது. சி. சு. செல்லப்பா ரசனைக்குப் பதில் அலசல் விமர்சனத்தை முன்வைத்தார். நன்றாக இருக்கிறது என்றால் மட்டும் போதாது, எங்கே, எதனால் என்று காட்ட வேண்டும் என்றார். இந்தக் கடன் நம் எல்லோருக்கும் உண்டு. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' கிளம்பியபோது, அலசல் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் குரலின் உரப்பு ஒவ்வவில்லை. பிரச்சாரம் என்றார்கள், வெற்று ஆவேசம் என்றார்கள். பல கவிதைகளைப் பொறுத்தவரை அந்தக் கண்டனம் நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையிலிருந்து எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் எனக்கும் கிடைத்தது அலசல் அல்ல, ஒரு கூச்சம். உணர்ச்சி தெரிந்தாலே நவீனத்துக்குக் குறைவு என்கிற கூச்சம். 'உணர்ச்சிபூர்வமான' என்பது பாராட்டின் தோரணையில் கதவைச் சாத்துகிற சொல்லாயிற்று. தெருவில் அது இன்னும் பாராட்டாகவே இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நானும் ஓவர்லாக் டெய்லரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

நம்மிடம் வேறு சொல் இல்லாமலா போயிற்று? தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே வைத்திருக்கிறது. மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். அழுகைக்குரிய நான்கில் இழவு ஒன்று, வறுமை ஒன்று. வறுமையால் அழுவது மிகை என்று இலக்கணக்காரருக்குத் தோன்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். உள்ளத்தில் நிகழ்வது, நிகழ்ந்தபடியே, வெளியே இருப்பவனுக்குப் புலப்படும் வழியில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு என்று பேராசிரியர் உரை விளக்குகிறது. செய்யுளியல் மெய்ப்பாட்டைச் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாக வைத்து, துருவி ஊகிக்க வேண்டாதபடி பொருள் கண்முன் வந்து நிற்பது என்கிறது. எழுதியவன் எவ்வளவு அழுதான் என்பதோ, நான் எவ்வளவு கலங்கினேன் என்பதோ இதில் அளவுகோல் அல்ல. மெய்யில் பட்டதா என்பதுதான். 1919இல் ஹாம்லெட்டைப் பற்றி எழுதும்போது எலியட், உணர்ச்சிக்கு ஈடான புறப்பொருட்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றதை இதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். அது பொருட்களைத் தேடுகிறது. இது உடம்பைப் பார்க்கிறது. ஆனால் இரண்டும் அழுகிறேன் என்று அறிவிப்பதை அழுகையாக ஏற்பதில்லை.

இந்த அளவுகோலோடு நோட்டை மறுபடி படித்தேன். சாயம் விலகுகிற நகம் மெய்ப்பாடு. நொய்யலை நோக்கிய அரற்றல் உணர்ச்சியின் அறிவிப்பு. ஒரே கவிதைக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் விமர்சகன் வேலை. நான் செய்தது என்ன? கடைசி நான்கு வரிகளின் சத்தத்தை வைத்து நகத்தையும் சேர்த்து ஒதுக்கினேன். ஒரு பெயரடை அதற்கு வசதியாக இருந்தது. அவர் மோசமாகப் படிக்கவில்லை. அப்பாவின் கை எனக்குத் தெரிந்துவிட்டது என்று நம்பினார். நான்தான் பார்க்காமல் எழுதினேன்.

மெய்ப்பாட்டியலின் கடைசிச் சூத்திரம் வாசகனுக்கானது. கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரத் தெரிந்தவர்களுக்கல்லாமல் மற்றவர்களுக்கு இதன் பொருள் எட்டுவது அரிது என்று முடிகிறது. கவிஞனுக்குச் சொன்ன எச்சரிக்கை என்று இதை வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் அவரிடம் நோட்டை மறுபடி வாங்கி, பென்சில் குறிப்பை அழித்தேன். நகம் வருகிற வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடும் கடைசி நான்கு வரிகளுக்குக் கீழே ஒரு கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வேண்டாங்கிறீங்களா? இத எழுதினப்பத்தானுங்க சார் அழுகையே வந்துச்சு" என்றார்.

அதுதான் அந்த 'அல்லது'. எழுதியபோது அவருக்கு வந்தது அந்த வரிகளில். படித்தபோது எனக்கு வந்தது நகத்தில். அதை அவரிடம் சொன்னேன். "ரோசன பண்றனுங்க" என்று நோட்டை மடித்துக்கொண்டு போனார். இன்னும் பதில் வரவில்லை.