காசிக்குப் போகும் பாதை: ராத்திரி எங்கே படுப்பது?

சிதம்பரத்திலிருந்து காசிக்குச் சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வேனுக்குள் ஒரு படுக்கை, அடுப்பு, தண்ணீர் கேன் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாக ஓட்டினால், அவசரப்படாமல் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். இப்படிப் போவதற்கு இப்போது 'சோலோ கேம்பர் டிரிப்' என்று பெயர். வண்டி என்ன மைலேஜ் கொடுக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பழைய யாத்திரைக் குறிப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகிவிட்டது. ராத்திரி எங்கே படுப்பது? அந்த இடத்துக்கு யார் செலவு செய்தார்கள்?

நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 17ஆம் நூற்றாண்டில் தருமபுரம் ஆதீனத்தில் தீட்சை கேட்ட குமரகுருபரர் காசிக்குப் போக விரும்பினார். அதற்கு முன் சிதம்பரத்தில் சில காலம் தங்கும்படி குரு சொன்னதாக மடத்து மரபு சொல்கிறது. சிதம்பரத்தைப் பற்றிய அவருடைய நூல்களை அந்தத் தங்கலோடு சேர்த்தே சொல்வார்கள். பிறகு வடக்கே போனார். காசிக்குப் போய் அவர் செய்த முக்கியமான வேலை கேதார கட்டத்தில் ஒரு மடம் அமைத்தது. அடுத்து வருகிறவனுக்கு இறங்க ஓர் இடம் கிடைத்தது. பின்னால் அந்தப் பரம்பரை தெற்கே வந்து திருப்பனந்தாளில் காசி மடமாக நிலைத்தது. சிதம்பரத்திலிருந்து திருப்பனந்தாள் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

ஆனால் அவர் வழியில் எங்கெங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார் என்ற விவரம் மரபுக் கதையில் வராது. அந்த மாதிரி விவரம் வேண்டுமென்றால் ஏனுகுல வீராசாமியிடம் போக வேண்டும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பி, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். பதினைந்தரை மாதம். திருப்பதி, கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், மிர்சாபூர், அலகாபாத், காசி என்று போனார். அப்புறம் கயா, கல்கத்தா போய், பூரி, விசாகப்பட்டினம், நெல்லூர் வழியாகக் கடலோரமாகவே வீடு திரும்பினார். நண்பர் கோமளேஸ்வரபுரம் சீனிவாசப் பிள்ளைக்கு எழுதி அனுப்பிய குறிப்புகள்தான் 'காசியாத்ரா சரித்ர' என்ற தெலுங்கு நூலாயின. வீராசாமி 1836இல் இறந்தார்; நூல் 1838இல் அச்சானது.

அவர் போனது பல்லக்கில். கூடவே கூடாரங்கள், சமையல்காரர்கள், பல்லக்குத் தூக்குகிறவர்கள், காவல் சேவகர்கள். மொத்தம் சுமார் நூறு பேர். இன்றைக்கு ஒரு வேனுக்குள் அடங்கிவிடுகிற படுக்கை, அடுப்பு, தண்ணீர், வெளிச்சம், பூட்டு எல்லாவற்றையும் அன்றைக்கு நூறு பேர் சுமந்தார்கள். அவருடைய குறிப்புகளில் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருவது தங்கலின் விவரங்கள்தான்: கிணறோ ஆறோ இருக்கிறதா, கடை உண்டா, அரிசி கிடைக்குமா, கூடாரம் அடிக்க இடம் இருக்கிறதா. தனக்குப் பின்னால் வருகிறவனை நினைத்தே எழுதுகிறார்.

ஏன் நூறு பேர்? பணக்காரர் என்பது ஒரு காரணம். அந்தக் காலத்துச் சாலை இன்னொரு காரணம். நாக்பூரிலிருந்து ஜபல்பூர் வழியாக மிர்சாபூர் போகிற பாதை காடும் மலையும். வழிப்போக்கர்களோடு சிநேகமாகச் சேர்ந்து, நம்ப வைத்து, துணியால் கழுத்தை இறுக்கிக் கொல்லும் 'தக்' கூட்டங்களை ஸ்லீமன் என்ற அதிகாரி ஜபல்பூர்ப் பகுதியில் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலேயர்கள் அந்தக் கதையைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். எப்படியானாலும் தனியாக வடக்கே போவது அன்றைக்கு உயிரைப் பணயம் வைக்கிற காரியம். பிடிபட்டு அப்ரூவரானவர்களுக்காக ஜபல்பூரில் பின்னர் ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். அங்கே அவர்கள் செய்த பொருள்களில் முக்கியமானவை கம்பளமும் கூடாரமும்!

நூறு ஆள் கூட்டிப் போக முடியாதவன் சத்திரத்தைத்தான் நம்ப வேண்டும். சத்திரம் என்றால் யாரோ ஒருவர் முன்கூட்டியே கட்டிவைத்த ராத்திரி. சிதம்பரத்தில் இதைப் பேசும்போது பச்சையப்ப முதலியாரை (1754–1794) விட முடியாது. கம்பெனிக்காரர்களிடம் துபாஷாகச் சம்பாதித்ததைக் காசி வரை கோயில் அறங்களுக்கும் அன்னதானத்துக்கும் எழுதிவைத்தவர். நடராஜர் கோயில் கிழக்குக் கோபுரத்தில் அவர் சிலை இருக்கிறது. அவர் இறந்த பிறகு அந்தச் சொத்து பல வருடம் வழக்கில் கிடந்தது. வழக்கு நடந்தது வீராசாமி வேலை பார்த்த அதே சுப்ரீம் கோர்ட்டில். அந்தப் பணத்தின் ஒரு பகுதிதான் 1842இல் பச்சையப்பன் பள்ளிக்கூடமாக முளைத்தது. பாதையின் மறுமுனையில், 1863இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் வைத்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அங்கே இறங்குகிறார்கள்.

1870இல் பம்பாயிலிருந்து வந்த ரயில் பாதையும் கல்கத்தாவிலிருந்து வந்த பாதையும் ஜபல்பூரில் சேர்ந்தன. மிர்சாபூர்ச் சாலையின் மவுசு போனது. 1870களின் இறுதியில் சிதம்பரத்துக்கும் ரயில் வந்துவிட்டது. ரயிலுக்குள்ளேயே ராத்திரி கழிந்தால் நடுவழிச் சத்திரத்துக்கு என்ன வேலை? வருமானம் இருந்த சத்திரங்கள் தப்பின. மற்றவை கல்யாண மண்டபமாகவும் கடையாகவும் மாறின, அல்லது இடிந்தன.

சாலை மட்டும் திரும்பி வந்தது. காசியிலிருந்து நாக்பூர், ஹைதராபாத் வழியாகக் கன்னியாகுமரி வரை வந்த பழைய தேசிய நெடுஞ்சாலை 7, 2,369 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமானது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்போது எண்கள் மாறி, பெரும்பகுதி 44இல் சேர்ந்துவிட்டது. இரண்டு வருடம் முன்னால் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்த ஈகோ வேனில் நான் அந்த வழியில் தனியாகப் போனேன். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டில் சாலை தூண்கள் மேல் ஏறிக்கொள்கிறது. புலியும் மானும் கீழே கடக்கின்றன. மிருகங்களுக்குக்கூட வழி யோசித்திருக்கிறார்கள்! ஆனால் ஜபல்பூர் தாண்டியதும் என் கவலை வீராசாமியின் கவலைதான்: தண்ணீர், வெளிச்சம், பக்கத்தில் மனுஷாள். ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்திப் படுத்தேன். பதினோரு மணிக்கு வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டினார். போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இங்கே இருட்டு, விளக்குக் கம்பத்துக்குக் கீழே போட்டுக்கோங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். காலையில் பணம் கொடுத்தபோது வாங்கவில்லை.

அதனால் 'சோலோ' என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் உண்டு. வண்டி என்னுடையது, டீசலோ பெட்ரோலோ நான் போட்டது. ராத்திரியை மட்டும் எப்போதும் வேறொருவர்தான் கொடுத்திருக்கிறார்: மடம், செட்டியார், துபாஷ், பங்க் வாட்ச்மேன். இவர்களில் முதல் மூவர் பெயரைக் கல்வெட்டிலாவது தேடலாம்.

சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, கடலூர்ப் பக்கம் 'சத்திரம்' என்ற பெயரில் இன்னும் சுவரோ, திண்ணையோ, தெருப்பெயரோ மிச்சமிருந்தால், கட்டியவர் பெயரும் வருடமும் பொறித்த கல் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பாதைக்கு மேப் இருக்கிறது. தங்கலுக்கு இன்னும் யாரும் மேப் போடவில்லை.