கடல் தரவு அடைவுகளின் வரலாறும் நாகப்பட்டினமும்

கடல் தரவு அடைவு என்பது, கடலைப் பற்றிய அளவீடுகள் எந்த நிறுவனத்திடம், எந்த இடத்துக்கும் காலத்துக்கும், எந்த வடிவில் உள்ளன என்பதைத் தெரிவிக்கும் விவரப் பட்டியல் ஆகும். அளவீடுகள் தரவு எனப்படும். அந்த அளவீடுகளைப் பற்றிய விவரம் மீத்தரவு எனப்படும்; மெட்டாடேட்டா என்றும் இதைக் குறிப்பிடுவர். பல தரவு மையங்கள் தம்மிடம் உள்ளவற்றின் மீத்தரவை ஒரே முறையில் எழுதி ஓரிடத்தில் சேர்க்கும்போது அது பொது அடைவாகிறது.

இத்தகைய அடைவு ஏன் தேவை என்பதைக் காவிரி டெல்டாவின் கடற்கரை வரலாறு விளக்குகிறது. 1881இல் நாகப்பட்டினத்துக் கருவி ஒன்று ஒரு சுனாமியைப் பதிவு செய்தது. அப்படியொரு பதிவு இருப்பதை ஆய்வாளர் சிலரே அறிந்திருந்த நிலையில், 2004இல் அதே கரையைப் பெரும் சுனாமி தாக்கியது.

தஞ்சையில் ஒரு முன்னோடி

அடைவு என்ற கருத்து தஞ்சாவூருக்குப் புதியதன்று. அரண்மனையின் சரசுவதி மகால் நூலகத்தில் நாயக்க, மராட்டிய மன்னர்கள் காலத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான சுவடிகள் இருந்தன. ஆங்கிலேய ஆட்சியில் நீதிபதியாகப் பணியாற்றிய ஆர்தர் கோக் பர்னல், அவற்றில் வடமொழிச் சுவடிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தித் தொகுத்த அடைவு 1880இல் இலண்டனில் அச்சானது. தஞ்சைக்கு வராத ஆய்வாளரும் எந்த நூலின் சுவடி அங்கு உள்ளது என்பதை அதன்பின் அறிய முடிந்தது. இதுபோலப் பல நூலகங்கள் வெளியிட்ட பட்டியல்களை ஒன்றுசேர்த்துப் பேரடைவு தொகுக்கும் பணியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935இல் தொடங்கியது.

பேரடைவு எந்தச் சுவடியையும் தன்னிடம் வைத்திருப்பதில்லை. எது எங்கே உள்ளது என்று மட்டும் சொல்கிறது. கடல் தரவின் பொது அடைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. தரவு அந்தந்த மையத்திலேயே இருக்கும். அதன் விவரம் மட்டும் பொது இடத்துக்கு வரும்.

1881ஆம் ஆண்டின் பதிவு

இந்திய நில அளவைத் துறை 1870களின் பிற்பகுதியில், ஏ. டபிள்யூ. பெயர்டு என்ற அதிகாரியின் பொறுப்பில், துறைமுகங்களில் ஓதத்தை முறையாக அளக்கத் தொடங்கியது. கடலோடு இணைந்த கிணற்றில் ஒரு மிதவை இருக்கும். கடல்மட்டம் ஏறி இறங்கும்போது மிதவையும் ஏறி இறங்கும். அதனுடன் இணைந்த பென்சில், கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு வரையும். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தின் துறைமுகமாக இருந்த நாகப்பட்டினத்திலும் இத்தகைய ஓத அளவி நிறுவப்பட்டது. துறைமுகக் கப்பல் போக்குவரத்துக்கான ஓத அட்டவணை தயாரிப்பது இதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சுனாமியை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டு ஓத அளவிகள் பதிவு செய்தன. நாகப்பட்டினமும் சென்னையும் அவற்றுள் அடங்கும். அலையின் உச்ச உயரம் ஒரு மீட்டரை எட்டவில்லை. வழக்கமான ஓதக்கோட்டின்மீது நெருக்கமான ஏற்ற இறக்கங்களாக அது தாளில் விழுந்தது. நில அளவைத் துறையைச் சேர்ந்த ரோஜர்ஸ் இப்பதிவுகளை விளக்கி அறிக்கை எழுதினார். நிலவியலாளர் ஆர். டி. ஓல்டாம் 1884இல் இந்த நிலநடுக்கத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் மற்றொரு நிகழ்வு பதிவானது. 1883 ஆகஸ்ட் 27 அன்று சுந்தா நீரிணையிலிருந்த கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதன் அலைகளும் நாகப்பட்டினம் உள்ளிட்ட இந்தியத் துறைமுகங்களில் பதிவாயின. இலண்டன் அரச கழகம் ஒரு குழுவை அமைத்து, பல நாட்டுத் துறைமுகங்களின் பதிவுகளைத் திரட்டி 1888இல் ஒரே நூலாக வெளியிட்டது. கிரக்கத்தோவாவின் கடல் அலைகளை ஆராய்ந்தவர்களுக்கு அந்த நூலே தொடக்கப் புள்ளியானது. 1881 நிகழ்வுக்கு அத்தகைய தொகுப்பு அமையவில்லை. கருவியும் துறைமுகமும் அதே வகையைச் சேர்ந்தவை. ஒன்றின் பதிவு பலர் கண்ணில் படும் இடத்துக்குச் சென்றது, மற்றொன்றின் பதிவு துறை அறிக்கைகளில் தங்கிவிட்டது.

பன்னாட்டு அடைவுகள்

20ஆம் நூற்றாண்டில் கடல் அளவீடுகள் பெருகின. உலகத் துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்ட அளவுகளைத் திரட்டும் நிலையான சேவை 1933இல் நிறுவப்பட்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து இயங்கி வருகிறது. 1957-58 பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டையொட்டி வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் கடலியலுக்கான உலகத் தரவு மையங்கள் அமைந்தன. யுனெஸ்கோவின் கீழ் 1960இல் உருவான அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம், மறு ஆண்டே தரவுப் பரிமாற்றத்துக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் ஒரு தேசியத் தரவு மையத்தை அமைத்து, மற்ற மையங்களுடன் தரவைப் பகிர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

தரவைப் பகிர்வதற்கு முன், யாரிடம் என்ன உள்ளது என்று தெரிய வேண்டியிருந்தது. இதற்காக 1960களின் இறுதியில் ஒரு படிவம் உருவாக்கப்பட்டது. ஆய்வுக் கப்பல் கரை திரும்பியதும், எந்தக் கடற்பகுதியில் என்னென்ன அளக்கப்பட்டது என்பதைத் தலைமை அறிவியலாளர் அதில் நிரப்ப வேண்டும். கப்பல்கள் பலவற்றிலிருந்து படிவங்கள் ஒழுங்காக வராததால் 1980களில் இம்முறை நலிந்தது. 1990இல் எளிய வடிவில் திருத்தப்பட்டு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

கடலியல் ஆணையம் ‘மெடி’ என்ற பெயரில் கடற்சூழல் தரவுகளின் அச்சு அடைவையும் வெளியிட்டு வந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 1993இல் வெளிவந்தது. அச்சு அடைவு வெளியாகும்போதே பழையதாகிவிடும் என்பது அதன் பெரிய குறை. பின்னர் இது, மையங்கள் தாமே விவரங்களை நிரப்பி அனுப்பக்கூடிய கணினி மென்பொருளாக மாறியது. அமெரிக்காவின் நாசா 1980களின் பிற்பகுதியில் அடைவுகளுக்கிடையே விவரங்களைப் பரிமாறும் பொது வடிவத்தை உருவாக்கியதில் பங்கேற்றது. ஐரோப்பாவில் 1991இல் தொடங்கிய கடற்சூழல் தரவு அடைவு, பல நாட்டு நிறுவனங்களின் தரவுத் தொகுப்புகளை ஒரே அமைப்பில் பட்டியலிட்டது. 2003இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19115 என்ற தரநிலை, இடம் சார்ந்த தரவுகளுக்கு மீத்தரவு எழுதுவதற்கான பொது விதிகளை வகுத்தது.

இந்தியாவின் தரவு மையங்கள்

1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. இந்தியக் கடற்படையின் ‘கிஸ்த்னா’ அவற்றுள் ஒன்று. இதன் தொடர்ச்சியாக 1966 சனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் உருவானது. கோவாவிலுள்ள இந்நிறுவனத்தில் இந்தியக் கடலியல் தரவு மையம் செயல்பட்டது. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் பின்னர் தேசியத் தரவு மையமாகப் பன்னாட்டு ஏற்புப் பெற்றது. இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் ஆர்கோ கருவிகளின் தரவையும் அது கையாள்கிறது.

எனினும் ஒரே கடற்பகுதியின் தரவு பல ஊர்களில் பரவிக் கிடக்கிறது. ஓதப் பதிவுகளைப் பேணும் நில அளவைத் துறைக்கும், ஆழ வரைபடம் தயாரிக்கும் கடற்படை நீர்நிலை வரைவியல் அலுவலகத்துக்கும் தலைமையிடம் டேராடூன். கடல் மிதவைகளை நிறுவிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னையில் உள்ளது. மீன்பிடிப்பின் அளவை மதிப்பிடும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சிக்கு இடம் மாறியது. டெல்டாவின் வட எல்லையை ஒட்டிய பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. நாகப்பட்டினத்துக் கடலை முழுமையாக அறிய விரும்பும் மாணவர் இவை அனைத்தின் வாயிலையும் தட்ட வேண்டும். எந்த வாயிலைத் தட்டுவது என்பதைத் தெரிவிப்பதே பொது அடைவின் பணி.

2004 சுனாமி

1881 ஓதப் பதிவுகளை மாடஸ்டோ ஒர்டிஸ், ரோஜர் பில்ஹாம் ஆகிய இரு ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டனர். எட்டு ஓத அளவிகளின் கோடுகளைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டு, அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கணித்தனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய தாள்கள் இவ்வளவு சொல்லக்கூடியவை என்பதை அக்கட்டுரை காட்டியது.

மறு ஆண்டு, 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியில் தமிழகக் கரையை அடைந்தன. மாநிலத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன.

ஓர் அடைவு இருந்திருந்தால் இந்த உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று கூற முடியாது. எச்சரிக்கை விடுக்க நிலநடுக்கமானிகள், ஆழ்கடல் அழுத்தமானிகள், உடனுக்குடன் செய்தி அனுப்பும் ஓத அளவிகள், கரையோர மக்களை எட்டும் தொடர்பு ஆகியவை வேண்டும். பசிபிக் பெருங்கடலில் 1965 முதல் இருந்த பன்னாட்டு ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஆனால் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று கேட்பதற்குச் சான்று வேண்டும். இந்தக் கரைக்குச் சுனாமி வந்ததில்லை என்ற பொது நம்பிக்கைக்கு மறுப்பு, நாகப்பட்டினத்துப் பதிவிலேயே இருந்தது. 2007 அக்டோபர் 15 முதல் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் இயங்குகிறது. 2011 முதல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் பிற இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் சுனாமித் தகவல் வழங்கி வருகின்றன.

அடைவு உருவாக்குவதில் உள்ள சிக்கல்கள்

முதல் சிக்கல் பெயர். 1881 அறிக்கைகளில் நாகப்பட்டினம் ‘நெகபடாம்’ என்றே எழுதப்பட்டது. தரங்கம்பாடி ‘டிராங்கிபார்’ என்றும், கொள்ளிடம் ‘கோலரூன்’ என்றும், கோடியக்கரை ‘பாயிண்ட் காலிமர்’ என்றும் வழங்கின. இன்றைய பெயரைத் தேடுபவருக்குப் பழைய பதிவு கிடைக்காது. இதனால் அடைவுகள் ஓர் இடத்தின் எல்லாப் பெயர்களையும் இணைப்பதோடு, அட்சரேகை, தீர்க்கரேகையையும் கட்டாயமாகக் கேட்கின்றன. மீன் பெயர்களிலும் இதே நிலை உண்டு. ஓர் ஊரில் மத்தி எனப்படுவது வேறோர் ஊரில் சாளை ஆகலாம். எனவே அறிவியல் பெயர் சேர்க்கப்படுகிறது.

இரண்டாவது, நேரமும் அளவும். இந்தியச் சீர்நேரம் 1906இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிவில் ‘காலை 10 மணி’ என்றிருந்தால், அது எந்த ஊர் நேரம் என்று தெரிய வேண்டும். அடிக்கணக்கு மீட்டர் கணக்கானதும் ஒரு மாற்றம். கடல்மட்டம் எந்தக் குறியிலிருந்து அளக்கப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். அந்தக் குறி தெரியாவிட்டால், நூறாண்டில் கடல்மட்டம் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா, கருவி இடம் மாறியதா என்று பிரித்தறிய முடியாது.

மூன்றாவது, பராமரிப்பு. திட்ட நிதி தீர்ந்ததும் பல அடைவுகள் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுகின்றன. தரவை அளந்தவருக்கு அதன் விவரங்கள் எல்லாம் தெரியும் என்பதால், அவற்றை எழுதி வைப்பது அவருக்கு வீண் வேலையாகத் தோன்றுகிறது. அவர் ஓய்வு பெற்ற பிறகே இழப்பு தெரிகிறது. நான்காவது, பாதுகாப்புக் காரணங்களால் சில கடல் தரவுகள் வெளியிடப்படுவதில்லை. அப்போதும் அவை உள்ளன என்ற விவரத்தை அடைவில் சேர்க்கலாம். தரவைப் பெறுவதற்கான விதி தனியே இருக்கும். 2012இல் இந்திய அரசு வெளியிட்ட தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் தரவுகளைத் திறந்தவை, பதிவு செய்து பெறுபவை, கட்டுப்பாடு உடையவை என்று பிரிக்கிறது.

டெல்டாவுக்கான பயன்

கடல் தரவு மீனவருக்கும் மாலுமிக்கும் மட்டும் உரியதன்று. வடகிழக்குப் பருவமழையின்போது டெல்டாவின் கடைமடைப் பகுதியில் தேங்கும் வெள்ளம் ஆறுகளின் வழியே கடலுக்கு வடிய வேண்டும். முகத்துவாரத்தில் ஓதம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வடிகால் மந்தமாகிறது. சம்பா, தாளடிப் பயிர்கள் நீரில் நிற்கும் நாட்கள் கூடுகின்றன. கோடையில் உப்புநீர் ஆற்றுக்குள்ளும் நிலத்தடிக்கும் ஏறுகிறது. 1952, 1977 ஆண்டுகளின் நாகப்பட்டினம் புயல்களும், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலும் கடலையும் வயலையும் ஒருசேரத் தாக்கின.

இவற்றை ஆராய ஓத அளவு, ஆற்று நீரளவு, மழையளவு, நிலத்தடி நீரின் உப்புத்தன்மை ஆகிய நான்கையும் ஒரே காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இவற்றைச் சேகரிப்பவை நில அளவைத் துறை, நீர்வளத் துறை, வானிலைத் துறை, நிலத்தடி நீர் அமைப்புகள் எனத் தனித்தனி அலுவலகங்கள். கடல் தரவு மையங்களின் அடைவோடு இவற்றின் விவரங்களும் இணையும்போது, நாகப்பட்டினம் கடைமடையின் ஒரு கிராமத்துக்கு எந்தெந்த ஆண்டுகளின் பதிவுகள் எங்கே உள்ளன என்பதை அவ்வூர்ப் பள்ளி மாணவரும் கண்டறிய முடியும்.